ஒரே ஒரு பழைய ஆட்டம் என்றால், 1967 ஐஸ் பவுல்

"அமெரிக்கன் ஃபுட்பாலின் பழைய சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம். 1967 டிசம்பர் 31 அன்று விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பேயில் நடந்த, அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டிதான். அதைத்தான் 'ஐஸ் பவுல்' என்கிறார்கள். உள்ளூர் பேக்கர்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் மோதினார்கள்.

அன்று மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். லாம்போ மைதானத்தின் புல்லுக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் அன்றைக்குப் பார்த்துக் கைவிட்டன. தார்ப்பாயை எடுத்ததும் தரையின் ஈரம் அப்படியே உறைந்துபோனது. நடுவர் நார்ம் ஷாக்டரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொள்ள, பிடுங்கியபோது தோலும் சேர்ந்து வந்தது. அப்புறம் நடுவர்கள் குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். டல்லஸின் பாப் ஹேய்ஸ் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். பந்து தன்னிடம் வராத நேரங்களில் குளிர் தாங்காமல் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்வார். எதிரணிக்கு அதுவே துப்பாகிவிட்டது!

14-0 என்று முன்னால் இருந்த பேக்கர்ஸ், கடைசி ஐந்து நிமிடத்தில் 17-14 எனப் பின்தங்கி நின்றார்கள். புள்ளி எடுக்க எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும், அதற்கு இன்னும் 68 கெஜம். அடிமேல் அடியாக நகர்ந்து கோட்டருகே வந்தால், பந்தோடு ஓடிய டானி ஆண்டர்சனால் இரண்டு முறையும் உள்ளே நுழைய முடியவில்லை, கால் வழுக்கியது. மீதி 16 வினாடி. ஆட்டத்தை நிறுத்திவைக்கக் கையிலிருந்த கடைசி டைம் அவுட்டும் தீர்ந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் மூன்று புள்ளி தரும், அதை அடித்தால் சமன் செய்யலாம். ஓடித் தோற்றால் உதைக்க நேரமே இருக்காது.

பேக்கர்ஸின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டியிடம் போய், மற்றவர்கள் வழுக்குகிறார்கள், நானே பந்தோடு நுழைகிறேன் என்றார். லம்பார்டியும் சரி என்றார். என்னை உலுக்குவது இந்த இடம்தான். சக வீரர்கள் ஜெர்ரி கிரேமரும் கென் போமனும் டல்லஸின் ஜெத்ரோ பியூவைத் தள்ளிய இடுக்கில் ஸ்டார் கோட்டைத் தாண்டி விழுந்தார். 21-17, பேக்கர்ஸுக்கு வெற்றி.

அந்த நொடியின் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். ஸ்டாருக்குப் பின்னால் பேக்கர்ஸின் சக் மெர்சீன் இரு கைகளையும் தூக்கியிருப்பார். வெற்றிக் கொண்டாட்டம் என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். பந்து தனக்கு வரும் என்று பாய்ந்து வந்தவர் அவர். பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளுவது அன்றைய விதிப்படி விதிமீறல். 'நான் தொடவில்லை' என்று நடுவருக்குக் காட்டத்தான் கைகளை உயர்த்தினாராம்.