வேலைக்குத் திரும்பினப்புறம் தாய்ப்பால் எடுத்து வைக்கிறது: கேளுங்க, சொல்றேன்

தாய்ப்பால் ஆலோசகரா இருக்கேன், என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஆபீஸ்ல பம்ப் பண்ணி வளத்தவ. மருந்து, டோஸ் எல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அக்கா, ரெண்டு வாரத்துல ஜாயின் பண்ணணும். பாப்பா குடிச்சதுக்கப்புறம் பம்ப் பண்ணா 60 மில்லிதான் வருது, பால் பத்தலையோ?

குடிச்சு முடிச்ச மார்புலேருந்து 60 மில்லி வருதுன்னா நல்லாவே சுரக்குதும்மா. பம்ப்ல வர்றதை வச்சு உங்க பாலை அளக்கவே அளக்காதீங்க, பாப்பா இழுக்கிற மாதிரி எந்த மெஷினும் இழுக்காது. ஒண்ணுலேருந்து ஆறு மாசக் குழந்தை ஒரு நாளைக்கு சுமாரா 750 மில்லி குடிக்கும், அதனால நீங்க பக்கத்துல இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30லேருந்து 45 மில்லின்னு கணக்கு வச்சுக்கோங்க. ஃப்ரீசரை ரொப்பணும்னு இல்ல, மொத நாளுக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும் இருந்தா போதும், இன்னைக்கு எடுக்கிறது நாளைக்குன்னு ஓடிரும். ஆனா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தே ஆகணும், மீட்டிங்னு தள்ளிப்போடாதீங்க. மார்பு ரொம்ப நேரம் நிறைஞ்சே கிடந்தா உடம்பு போதும்னு சுரப்பைக் குறைச்சிரும்.

திடீர்னு குறைஞ்சா மொதல்ல பம்ப்பைப் பாருங்க. உள்ள வாத்து மூக்கு மாதிரி சின்ன சிலிக்கான் வால்வு இருக்கும், சும்மா இருக்கும்போது அதோட வாய் ஒட்டி மூடியிருக்கணும். மூத்தவனுக்கு பால் வத்திருச்சுன்னு ஒரு வாரம் அழுதேன், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா வால்வு நுனில முடி அளவு கிழிசல், மாத்தின அன்னைக்கே பழைய அளவு வந்துச்சு.

எத்தனை மணி நேரம் வச்சிருக்கலாம்?

25 டிகிரி வரைக்கும் உள்ள ரூம்ல 4 மணி நேரம், ஐஸ் பேக் போட்ட பெட்டில 24 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள், ஃப்ரீசர்ல 6 மாசம். மைக்ரோவேவ்ல சுட வைக்காதீங்க, அங்கங்க கொதிச்சு குழந்தை வாய் வெந்துரும்.

ஃப்ரீசர் பால் சோப்பு வாடை அடிக்குதுக்கா, கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்ல. பால்ல இருக்கிற லைப்பேஸ்ங்கிற என்சைம் கொழுப்பை உடைக்கிறதால வர்ற வாடை அது. குடிச்சா குடுங்க. குடிக்கலன்னா இனிமே எடுத்த உடனே அடுப்புல வச்சு ஓரத்துல சின்னச் சின்னக் குமிழி வரும்போது இறக்கி, சட்டுனு ஆற வச்சு ஃப்ரீசர்ல போடுங்க. மைக்ரோவேவ் வேண்டாம், திரும்பச் சொல்றேன்.

ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?

மேல இருக்கு, படிங்க.

மதியம் பம்ப் பண்ண முடியல, பால் கட்டி ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு.

துணில சுத்தின ஐஸ் 10 நிமிஷம் வைங்க, எப்பவும் எடுக்கிற அளவு மட்டும் எடுங்க, அமுக்கிப் பிசையாதீங்க.

இது தப்பு மேடம். சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து நல்லா அழுத்தித் தேய்ச்சாதான் கட்டி கரையும், எங்க அம்மா காலத்துலேருந்து அப்படித்தான்.

நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், அதனால உங்க மேல கோவமில்ல. ஆனா தாய்ப்பால் சம்பந்தமான டாக்டர்களோட சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022ல வழிமுறையை மாத்திட்டாங்க. அங்க பால் கட்டியா அடைச்சு நிக்கல, பால் வர்ற குழாயைச் சுத்தி இருக்கிற திசு வீங்கி அதை நெருக்குது. வீங்கின இடத்தை அழுத்தித் தேய்ச்சா வீக்கம் கூடத்தான் செய்யும்.

அப்ப இத்தனை பேருக்கு சரியானது எப்படி?

நிறைய பேருக்கு ஓரிரு நாள்ல தானா வடிஞ்சிரும், தேய்ச்சதால சரியாச்சுன்னு நினைச்சுக்கிறோம். தேய்ச்சுத் தேய்ச்சு தோல் கன்னிப்போய் என்கிட்ட வந்தவங்களை நான் பாத்திருக்கேன், அந்த வலியைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. வெதுவெதுப்பா ஒத்தடம் இதமா இருக்குன்னா வச்சுக்கோங்க, தேய்க்க மட்டும் வேண்டாம். காய்ச்சல் வந்து 24 மணி நேரம் தாண்டியும் விடலன்னா டாக்டரைப் பாருங்க.

சளி மாத்திரை போடலாமா?

டாக்டர்.

ஆபீஸ் பாத்ரூம்ல எடுக்கச் சொல்றாங்க.

ஒத்துக்காதீங்க. குழந்தை வாய்க்குப் போற பால் அது. தாழ்ப்பாள் போட்ட ஒரு ரூம், நாற்காலி, பிளக் பாயிண்ட், கை கழுவ இடம்னு எழுத்துல கேளுங்க, அதுவும் ஜாயின் பண்றதுக்கு முன்னாடியே.

எனக்கு 50 மில்லிதான் வருது...

மொத பதிலைப் படிங்கம்மா, ப்ளீஸ்.

வீட்ல நல்லா வருதுக்கா, ஆபீஸ்ல உக்காந்தா சொட்டு கூட இறங்கமாட்டேங்குது.

பால் இருக்கு, இறங்கலை. பதட்டத்துல, பாலை இறக்கிவிடுற ஆக்ஸிடாசின்ங்கிற ஹார்மோன் தடைபடும். பாப்பாவோட துணியை மூக்குக்கிட்ட வச்சுக்கோங்க, போன்ல வீடியோ பாருங்க, மொத ரெண்டு நிமிஷம் கையாலயே லேசா எடுத்து ஆரம்பிச்சுட்டு அப்புறம் மெஷினைப் போடுங்க. பாட்டிலையே முறைச்சுப் பாக்காதீங்க, பாப்பாவோட சாக்ஸ் ஒண்ணை அது மேல மாட்டிவிட்டுருங்க.