விங் மாட்டியாச்சு, ஸ்பிரிங் என்ன போடணும்? ரேஸ் கார் கேள்வி பதில்

வள்ளியூர் மாணவர்: அண்ணாச்சி, எங்க ஃபார்முலா ஸ்டூடண்ட் (காலேஜ் மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் செய்யுற போட்டி) கார் ஓட்டுநரோட 290 கிலோ. சி.எல்.ஏ (காத்து காரை எவ்வளவு கீழ அமுக்கும்ங்கிற அளவு) 2.5, அதுல முன்பக்கம் 45 சதவீதம். முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன், மோஷன் ரேஷியோ 0.8 (சக்கரம் 1 மில்லி ஏறினா ஸ்பிரிங் 0.8 மில்லி அமுங்கும்). நிக்கும்போது முன் விங்குக்குக் கீழ 30 மில்லி இருக்கு. 80-ல இருந்து பிரேக் பிடிச்சா உரசுதே?

பதில்: தம்பி, சக்கரத்துல கிடைக்கிற விறைப்பு 32 இல்ல. ரேஷியோவை ரெண்டு தடவை பெருக்கணும்: 40 × 0.8 × 0.8 = 25.6. நிறையப் பேர் சறுக்குற இடம் இதுதான்.

80 கி.மீ. வேகத்துல நம்ம வெயில் காத்துக்கு டவுன்ஃபோர்ஸ் (காத்து கீழ அமுக்குற விசை) சுமார் 710 நியூட்டன், அதாவது 72 கிலோ. ஒரு முன்சக்கரத்துக்கு 160 நியூட்டன் வரும். அதுல ஸ்பிரிங் 6 மில்லி அமுங்கும், டயர் இன்னும் ஒன்றரை. 1.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.2 மடங்கு) பிரேக்குல முன் அச்சு 13 மில்லி இறங்கும். அதே நேரம் பின்பக்கம் எழும்புறதால, அச்சுக்கு அரை மீட்டர் முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிற விங் இன்னொரு 8 மில்லி குனியும். கூட்டிப் பாருங்க, 30 தீர்ந்துபோச்சு.

கணக்கை நம்பி விட்டுராதீங்க, அளந்து பாருங்க. ஷாக்கோட தண்டுல ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, ஷாக்கோட பாடியை ஒட்டித் தள்ளி விடுங்க. சமமான ரோட்டுல நேரா 80-ல போயிட்டு, பிரேக் தொடாம வண்டியைத் தானா நிக்க விடுங்க. விங்கைக் கழட்டிட்டு அதே இடத்துல மறுபடி ஒரு ஓட்டம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தண்டுல 5 மில்லி வந்தா, சக்கரத்துல 6.25 (5 ÷ 0.8). நடுவுல பிரேக்கை மிதிச்சா ஓ-ரிங் அதையும் சேர்த்துக் காட்டிரும்.

தென்காசி: அப்போ ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி போட்டுட்டா தீர்ந்துச்சுல்லா?

பதில்: தீராது. ஸ்பிரிங் அசையலைன்னா டயர்தான் ஸ்பிரிங்காகும், அதை அடக்க ஷாக் கிடையாது. மெதுவான வளைவுல டவுன்ஃபோர்ஸும் இருக்காது. மேடு பள்ளத்துல டயர் துள்ளிப் பிடிமானம் போயிரும். ரெண்டு சக்கரத்துக்கும் பொதுவா ஒரு மூணாவது ஸ்பிரிங் போடுறது நல்ல வழி. ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா மட்டும் அது தாங்கும், வண்டி சாயும்போது குறுக்கே வராது. அதனால ஓரத்து ஸ்பிரிங்கை இளக்கமாவே விடலாம். காசில்லைன்னா பம்ப் ரப்பர் (ஷாக் ரொம்ப அமுங்கும்போது முட்டித் தாங்குற ரப்பர்) போடுங்க. ஆனா வளைவு நடுவுல வெளிச்சக்கரம் ரப்பர்ல முட்டினா, முன்பக்கம் திடீர்னு வழுக்கி நேரா போகும். பேக்கரை (ரப்பர் எப்போ முட்டணும்னு சரிபண்ண வைக்கிற தகடு) 1 மில்லி 1 மில்லியா கூட்டிப் பாருங்க.

பணகுடி: ஆடிக் காத்துல சோதனை ஓட்டம் போட்டா, போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு காட்டுது அண்ணாச்சி.

பதில்: காட்டத்தான் செய்யும். காத்து 30-ல வீசுதுன்னு வைங்க. 80-ல எதிர்த்துப் போனா விங்குக்கு அது 110, திரும்பி வந்தா 50. வேகத்தோட வர்க்கம்கிறதால டவுன்ஃபோர்ஸ் கிட்டத்தட்ட 5 மடங்கு மாறும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தாலும் உண்மையை விட 14 சதவீதம் கூடத்தான் வரும். காத்தாடி அசையாத விடியக்காலையில ஓட்டுங்க.

பாளையங்கோட்டை: 2022-ல எஃப்1 கார்கள் நேர்ரோட்டுல குதிச்சதே, ஏன்?

பதில்: அடித்தளம் காரைத் தரையோட இழுக்கும். ரொம்ப நெருங்கினா காத்தோட்டம் அறுந்து இழுப்பு விட்டுரும், கார் எழும்பும். எழும்பினதும் மறுபடி இழுக்கும். ரைடு ஹைட்டை (தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி) ஏத்தினா அடங்கும், ஆனா வேகம் குறையும். 2023-க்கு அடித்தள விளிம்பை 15 மில்லி உயர்த்தச் சொல்லி விதியே வந்துச்சு.

தூத்துக்குடி: என் ஸ்விஃப்டுக்கு ஸ்பிரிங்கை வெட்டி இறக்கி, பின்னால விங் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சின்ன விங் 80-ல 6 கிலோதான் அமுக்கும், அதுவும் பின் அச்சுக்கு வெளியே உக்காந்து முன்பக்கத்தை இளக்கும். வெட்டின ஸ்பிரிங் பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவும். உயிருக்கு ஆபத்து.

அம்பாசமுத்திரம்: முன்பக்கம் வழுக்கினா ரோல் பாரை (வளைவுல வண்டி சாயுறதைக் குறைக்கிற கம்பி) தொடணுமா, விங்கையா? தங்கச்சி கேக்கேன்னு நினைச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி.

பதில்: எந்த வளைவுலன்னு முதல்ல பாருங்க தங்கச்சி. மெதுவான வளைவுலயும் வழுக்கினா முன் ரோல் பாரை இளக்குங்க. வேகமான வளைவுல மட்டும்னா முன் விங் ஃபிளாப்பை (விங்கோட பின்பக்கம் சாய்வை மாத்துற மடல்) ஒரு டிகிரி ஏத்துங்க. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். ஃபிளாப்பை ஏத்தின பிறகு ரைடு ஹைட்டை மறுபடி அளந்துருங்க. முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.