ரட்கர்ஸுக்கு ஏன் சம பங்கு?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வருடமாக கொலம்பஸில் இருக்கிறோம். மகன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சனிக்கிழமை என்றால் வீட்டில் அமெரிக்க ஃபுட்பால்தான். பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு வரும் டிவி பணத்தில் எங்களுக்கும் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பங்கு என்று புலம்புகிறான். எங்களிடம் ஒருமுறைகூட ஜெயிக்காத டீமுக்கு எதற்கு? எனக்கும் அவன் புலம்பல் நியாயமாகத்தான் படுகிறது. கூட்டத்தைக் கூட்டுபவனுக்குத்தானே கூலி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மற்ற வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கான்ஃபரன்ஸ் என்றால் இங்கே மாநாடு இல்லை. தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. டிவி உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் பிக் டென் போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல்.

ரட்கர்ஸ் உங்களிடம் ஜெயித்ததே இல்லை என்று உங்கள் மகன் சொல்வது சரிதான். 2016இல் 58–0 என்று தோற்றது, மறுவருடம் 56–0. ஆனால் அந்த 58 புள்ளியை எடுக்க எதிரே ஒருவர் நிற்க வேண்டுமே. நான் பட்டிமன்ற மேடைகளில் பேசியவன். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் இரண்டு அணிக்கும் ஒரே கனமுள்ள கவர்தான். (நடுவர் கவர் வேறு ரகம், அதை விடுங்கள்.)

தவிர, ரட்கர்ஸை 2014இல் சேர்த்தது ஜெயிப்பதற்காக இல்லை. பிக் டென்னுக்கென்று ஒரு சேனல் உண்டு. அதன் வட்டாரத்துக்குள் வரும் கேபிள் வீடுகளில் சந்தா கூடுதல். ரட்கர்ஸ் வந்ததும் நியூயார்க் பக்கத்து வீடுகள் கணக்கில் சேர்ந்தன, ஆட்டமே பார்க்காதவர்கள் உட்பட. அது ரட்கர்ஸ் கொண்டுவந்த சீர். அப்படி வந்த மருமகளுக்கும் முழுப் பங்கு கொடுக்கப் பல வருடம் இழுத்தடித்தார்கள்.

நீங்கள் சொல்லும் கூலிக் கணக்கைப் பிக் 12 என்ற இன்னொரு கூட்டணி போட்டுப் பார்த்தது. பாதிப் பணம் சமமாக, மீதி டிவியில் வந்த ஆட்டங்களின் கணக்கில். போதாதென்று 2011இல் அதிலிருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகம் தனக்கென்று தனிச் சேனலே வைத்துக்கொண்டது. ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலுடன் 20 வருடத்துக்கு 30 கோடி டாலர். வீட்டில் ஒரே பங்காளி மட்டும் தனி வாசல் வைத்தால் என்ன ஆகும்? அந்த வருடமும் அடுத்த வருடமுமாக நெப்ராஸ்கா, கொலராடோ, டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிசௌரி ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் மூட்டை கட்டின. கடைசியில் 2024இல் டெக்சாஸே எஸ்இசி என்ற வேறொரு கூட்டணிக்குப் போய்விட்டது, சம பங்கு வழக்கமுள்ள இடத்துக்கு!

எஸ்இசியின் ரட்கர்ஸ் என்று நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம், பல காலம் அடிவாங்கிய டீம். 2024 அக்டோபரில் தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா டீமை 40–35 என்று சாய்த்தது, 1984க்குப் பிறகு முதல்முறையாக. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு, நாஷ்வில் பிராட்வே தெரு வழியே போய்க் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று வீட்டில் கேட்காதீர்கள்.

இப்போது ஏசிசி என்ற கூட்டணியும் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டது. அதன் உறுப்பினர்களான ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் பல்கலைக்கழகங்கள் அதன்மீதே போட்ட வழக்குகளுக்குப் பிறகு, 2025 சமரசத்தின்படி டிவி பணத்தில் 60 சதவீதம் யாரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கில் போகும்.

கூட்டத்தைக் கூட்டுபவனுக்குக் கூலி என்கிறீர்கள். கூட்டம் வந்தது மைதானத்தில் ஓடிய பையன்களைப் பார்க்கத்தானே? அவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இந்த வருமானத்திலிருந்து நேரடியாகப் பங்கு கொடுக்க ஆரம்பித்ததே 2025 ஜூலையில்தான்.