கரடிக்கு றிவோல்வரா பிஸ்டலா? அலாஸ்காவுக்குப் புதிதாக வந்த மாங்குளம் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முழுதாக வாசித்தேன். கிறீன் கார்ட் லொத்தரில் விழுந்து, மனைவி பிள்ளையோடு மாங்குளத்தில் இருந்து நேரே அலாஸ்காவுக்கு வந்திருக்கிறீர்கள். கீனாய் ஆற்றங்கரை லொட்ஜ் ஒன்றில் வேலை. சல்மன் மீன் ஏறும் காலத்தில் கரடியும் வரும் என்று கூட வேலை செய்பவர்கள் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள், ஒருவர் .44 மக்னம் றிவோல்வர் என்கிறார், மற்றவர் 10 மில்லிமீற்றர் பிஸ்டல் என்கிறார், நீங்கள் வீடியோவில் பார்த்த டெசேர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டல் எப்படி என்று கேட்கிறீர்கள். நானும் கிளிநொச்சிப் பக்கம்தான், இங்கே வந்து தலையும் நரைத்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதலில் கரடி ஸ்பிறே, அதாவது கரடியின் முகத்துக்கு அடிக்கிற மிளகாய்க் காரத் தெளிப்பு. அதற்குப் பிறகும் துவக்கு வேண்டும் என்றால், இதுவரை சுட்டுப் பழகாத உங்களுக்கு நாலு அங்குலக் குழல் உள்ள, கொஞ்சம் பாரமான .44 றிவோல்வர். டெசேர்ட் ஈகிள் வேண்டவே வேண்டாம்.

ஸ்பிறேயை முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை வைத்துச் செய்து 2008ல் வெளிவந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளை ஸ்பிறே 92 சதவீதமான தடவைகளில் தடுத்திருக்கிறது. பாய்ந்து வருகிற மிருகத்தை நடுங்கும் கையால் ஒரு சன்னத்தால் அடிப்பதை விட, அதன் முன்னால் ஒரு புகைமண்டலத்தை விரிப்பது யாருக்கும் சுலபம். பாலைப்பழக் காலத்தில் நம்மூரில் காட்டுக்குப் போகிறவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போவார்களே, முகத்துக்கு முகம் திடீரென்று பட்டால்தான் கரடி பாயும் என்று, இங்கேயும் அதே பழக்கம்தான் உயிரைக் காக்கும். ஆனால் உடம்பு வேறு. வன்னிக் கரடி நூறு கிலோவைச் சுற்றித்தான் வரும், இந்தக் கரையோரப் பழுப்புக் கரடியில் பெரிய ஆண் 400 கிலோவைத் தாண்டும். கொழுப்பும் தசையும் எலும்பும் கடந்து சன்னம் ஆழமாகப் போனால்தான் பயன், அதனால்தான் இங்கே எல்லாரும் பெரிய ரவையை (கோதும் மருந்தும் சன்னமும் சேர்ந்த முழுத் தோட்டாவை) பற்றியே கதைக்கிறார்கள்.

சரி, றிவோல்வரா பிஸ்டலா என்பதற்கு வருகிறேன். பிஸ்டலில் ரவைக்கூடு கைப்பிடிக்குள்ளே இருக்கிறது. ரவை நீளமானால் கைப்பிடியும் முன்பின்னாகத் தடிக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் மனிதக் கைக்கு அடங்காது. .44, 10 என்பவை சன்னத்தின் குறுக்களவை வைத்த பெயர்கள், ஒன்று அங்குலத்தில், மற்றது மில்லிமீற்றரில். நீளத்தில் .44 மக்னம் ரவை ஏறக்குறைய 41 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் ரவை 32 தான். றிவோல்வரில் ரவை இருப்பது உருளையில், கைப்பிடிக்கு அதோடு சம்பந்தமே இல்லை, எனவே உருளையை எவ்வளவு பெரிதாகச் செய்கிறார்களோ அவ்வளவு பெரிய ரவை போடலாம். 1955ல் வந்த .44 மக்னத்தில் தொடங்கி, 2003ல் ஸ்மித் அன்ட் வெசன் கொண்டுவந்த .500 மக்னம் வரை பெரியவை பெரும்பாலும் றிவோல்வருக்கென்றே பிறந்ததற்குக் காரணம் இதுதான். அந்த .500ஐ யாராவது விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். .44ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, ஐந்தே ரவை, முதல் வெடியிலேயே கைக்குப் பயம் பிடித்துவிடும், பிறகு நீங்கள் அதை எடுத்துப் பழகவே மாட்டீர்கள்.

டெசேர்ட் ஈகிள் அந்த நீளமான ரவையைப் பிஸ்டலுக்குள் கொண்டுவரச் செய்த முயற்சி. ரைபிள் போலக் குழலில் இருந்து வாயுவை எடுத்துத்தான் அது இயங்குகிறது, பாரம் இரண்டு கிலோவைத் தொடும், நாள் முழுக்க இடுப்பில் கட்டி நடக்க முடியாது. அதை விட முக்கியம், கரடிக்கு இங்கே பலரும் போடுவது செப்பு உறையில்லாத கடின ஈயச் சன்னம், அது அந்த வாயுத் துளையை அடைத்துவிடும் என்பதால் டெசேர்ட் ஈகிளில் போடக்கூடாது. எந்தத் தேவைக்காகத் தேடுகிறீர்களோ அதற்கே உதவாத துவக்கு.

10 மில்லிமீற்றரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிறீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகிற டென்மார்க்கின் சிரியஸ் படையினர் துருவக் கரடிக்காக வைத்திருப்பது கிளொக் 20 என்ற 10 மில்லிமீற்றர் பிஸ்டல்தான். கூட்டில் பதினைந்து ரவை, நிரப்பினாலும் 1.1 கிலோ அளவு, உதைப்பு குறைவென்பதால் இரண்டாவது மூன்றாவது வெடி கெதியாக விழும். ஒரு சன்னத்தின் பலத்தில் .44 கூட, அடுத்த சன்னத்தின் வேகத்தில் 10 கூட. வாரம் தவறாமல் சுட்டுப் பழகுகிறவர் கேட்டால் நானே கிளொக் என்பேன்.

ஆனால் நீங்கள் அப்படிப் பழகப் போவதில்லை, சிறு பிள்ளை உள்ள வீடு, லொட்ஜில் இரண்டு வேளை வேலை. கிளொக் போன்ற பிஸ்டல் ஒவ்வொரு வெடியின் உதைப்பையும் வைத்துத்தான் அடுத்த ரவையை ஏற்றுகிறது. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் பாதியில் சிக்கும். கரடி மேலே விழுந்து குழல் அதன் உடம்பில் அழுந்தி ஸ்லைட் (மேலே முன்பின்னாக ஓடும் பகுதி) சற்றுப் பின்னுக்குப் போனாலும் வெடிக்காமல் நின்றுவிடலாம். றிவோல்வரில் ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையைத் திரும்ப இழுங்கள், உருளை சுழன்று அடுத்தது வரும், அவ்வளவுதான். பிஸ்டலில் கூட்டைக் கழற்றியதும் வெறுமை என்று நினைத்து, குழலுக்குள் ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு ரவையால் நடந்த விபத்துகள் இந்த நாட்டில் கொஞ்சமல்ல. றிவோல்வரின் உருளையைத் திறந்தால் ஆறு துளையும் கண்ணுக்கு முன்னால், உங்கள் மனைவியும் ஒரே பார்வையில் சரிபார்க்கலாம். எனக்கு இந்தக் காரணம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

இன்னொரு நன்மை, .44 மக்னம் றிவோல்வரில் அதை விடக் குட்டையான .44 ஸ்பெஷல் ரவையும் போடலாம், உதைப்பு பாதிக்கும் குறைவாகத் தெரியும். அதில் தொடங்குங்கள், கை பழகிய பிறகு மக்னத்துக்குப் போங்கள். மிக இலகுவான டைட்டேனியம், ஸ்கேண்டியம் வகைகளை விட்டுவிடுங்கள். உதைப்பில் மற்ற ரவைகளின் சன்னம் கோதில் இருந்து முன்னுக்கு நகர்ந்து உருளையையே பூட்டிவிடலாம், அப்போது நான் மேலே சொன்ன நன்மை ஒன்றும் மிஞ்சாது. ஸ்மித் அன்ட் வெசன் 629, ரூகர் ரெட்ஹோக் இரண்டும் போதிய பாரம் உள்ளவை. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் நெருப்பு பக்கவாட்டில் பாயும், இடது கை விரலை அங்கே கொண்டுபோகக் கூடாது. சுடும் கூடத்தில் காதுக்குச் செருகியும் அதற்கு மேல் மூடியும் இரண்டும் போடுங்கள்.

இனி, கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர் உங்களுக்குச் சொல்லாத பகுதி. அவர்கள் பிரஜைகள், நீங்கள் இல்லை. கிறீன் கார்ட்டோடு வாங்கலாம், கடையில் படிவத்தில் பிரஜாவுரிமையையும் உங்கள் குடிவரவு இலக்கத்தையும் உள்ளபடி எழுத வேண்டும், இன்னொருவருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. துவக்குச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் கார்ட் இருந்தாலும் நாடுகடத்தலாம். 21 வயதானால் அலாஸ்காவில் லைசென்ஸ் இல்லாமலே மறைத்துக் கட்டலாம், ஆனால் பொலிஸ் மறித்தால் உங்களிடம் துவக்கு இருக்கிறது என்று உடனே வாயால் சொல்ல வேண்டும், அது சட்டம். நாங்கள் சோதனைச்சாவடிகளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவர்கள், அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. கையை ஸ்டியரிங் மேலே வைத்துக்கொண்டு முதல் வசனமாகச் சொல்லுங்கள். தபால் நிலையத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.

ரொறன்ரோவில் அண்ணன் இருக்கிறார், கோடையில் காரிலேயே போகலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்க விற்கத் தடை, அனுமதியில்லாமல் எல்லையில் ஒன்றோடு பிடிபட்டால் அது குற்றவழக்கு. காரின் மூலைமுடுக்கெல்லாம் தேடி ஒரு ரவை கூட இல்லை என்று பார்த்த பிறகே புறப்படுங்கள். அதேபோல் சுடும் கூடத்துக்குக் கொண்டுபோகிற பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். கட்டுநாயக்காவில் வன்னி முகவரியுள்ள ஒருவரின் பையில் ஒரு வெற்றுக்கோது கிடந்தாலும் என்னென்ன கேள்வி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துவக்கோடு படம் எடுத்து வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போடவும் வேண்டாம், அதற்கு ஊரில் இருக்கிற அம்மாவிடம் விசாரணை வரக்கூடும்.

வாங்குவதற்கு முன் லொட்ஜ் முகாமையாளரிடம் கேளுங்கள், வேலை நேரத்தில் துவக்கு கட்ட விடாத இடங்கள் நிறைய. விடாவிட்டால் அந்தக் காசை இப்போதைக்கு வையுங்கள், ஸ்பிறே இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று மனைவிக்கு. விமானத்தில் அதைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள், கீனாயிலேயே வாங்குங்கள், திகதி முடிந்ததா என்று பார்த்து.