டிஸ்சார்ஜ்னு மட்டும் எழுதியிருக்கு, என்ன கோட் போடறது அக்கா?

(பெங்களூர் தமிழ் மெடிக்கல் கோடர்களின் ஞாயிறு கேள்வி பதில். டாக்டர் சார்ட்ல எழுதினதை இன்ஷூரன்ஸ் பில்லுக்கான நோய்க் கோடா மாத்தறது எங்க வேலை. கேக்கறவங்க பேருக்குப் பதிலா ஏரியா பேர். இந்த வாரம் யூராலஜி சார்ட்ல தலைவலி கொடுக்கற ஒரே விஷயம்: காரணம் தெரியாத சிறுநீர்க்குழாய்க் கசிவு, அதாவது யுரீத்ரல் டிஸ்சார்ஜ். அமெரிக்க சார்ட்தான் என் பொழைப்பு. அதுக்கு வெளியே கேட்டா ஒரு வரிதான் வரும்.)

பொம்மனஹள்ளி: அக்கா, கிளினிக் விசிட். டாக்டர் "யுரீத்ரல் டிஸ்சார்ஜ், கொனோரியாவா இருக்கலாம், லேப்புக்கு ஸ்வாப் அனுப்பியிருக்கு"ன்னு எழுதியிருக்கார். கொனோரியாங்கற பால்வினை நோய்க்கான ஏ54.01 போட்டேன். ஆடிட்ல எரர் கொடுத்துட்டாங்க. மருந்தும் கொனோரியாவுக்குத்தானே கொடுத்திருக்கார்?

எரர் சரிதான் தம்பி. அவுட்பேஷன்ட்ல (அட்மிட் ஆகாம வந்து போறவங்க) "இருக்கலாம்", "சந்தேகம்", "ரூல் அவுட்" எதையும் நோயா கோட் பண்ணக் கூடாது. அந்த விசிட்ல எதுவரைக்கும் உறுதியாத் தெரியுமோ அதோட நிறுத்தணும். இங்கே உறுதியாத் தெரிஞ்சது கசிவு மட்டும், அதனால கசிவுக்கான ஆர்36. மருந்தை வெச்சு நோயைக் கண்டுபிடிக்கறது டாக்டர் வேலை. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம மருந்து ஆரம்பிக்கறது இந்த விஷயத்துல சகஜம்.

நீ குழம்பினதுக்குக் காரணம் இருக்கு. இன்பேஷன்ட்ல (ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்க) விதி நேர் எதிர். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு அனுப்பும்போதும் "கொனோரியாவா இருக்கலாம்"னே எழுதியிருந்தா, இருக்கற மாதிரியே கோட் பண்ணலாம் (எச்ஐவி மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு). ஆஸ்பத்திரி சார்ட்ல இருந்து கிளினிக் சார்ட்டுக்கு மாறி வர்றவங்க எல்லாருமே இதுல ஒரு தடவை விழுவாங்க. நானும் விழுந்திருக்கேன்.

எப்பவும் சொல்றதுதான்: சார்ட்ல இல்லாததைப் போடாதீங்க. நீ போட்ட ஏ54 அந்த மனுஷன் ரெக்கார்டுல ஒட்டிக்கும். நாளைக்கு ஸ்வாப் நெகட்டிவ்னு வந்தா, இல்லாத பால்வினை நோய் அவர் பேர்ல நிக்கும். இன்ஷூரன்ஸ் பேப்பர் வீட்டுக்குப் போனா யார் பிரிச்சுப் படிப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு.

மடிவாளா: டாக்டர் "யுரீத்ரைட்டிஸ்"னு (சிறுநீர்க்குழாய் அழற்சி) ஒத்தை வார்த்தைதான் எழுதியிருக்கார். எந்த வகைன்னு சொல்லாததால என்34.1 நான்ஸ்பெசிஃபிக், சரிதானே மேடம்?

இல்லம்மா. நல்ல கேள்வி, பாதிப் பேர் இங்கேதான் வழுக்கறாங்க. "வகை சொல்லலை" வேற, "நான்ஸ்பெசிஃபிக்" வேற. டாக்டர் நான்ஸ்பெசிஃபிக், இல்லேன்னா நான்கொனோகாக்கல்னு (கொனோரியா அல்லாதது) வாயைத் திறந்து எழுதியிருந்தாதான் என்34.1. வெறும் யுரீத்ரைட்டிஸ் என்34.2-ல போகும், அந்தக் கோடுக்குக் கீழேயே போட்டிருக்கும். கிருமி பேர் எழுதியிருந்தா பி95ல இருந்து பி97 வரைக்கும் பார்த்து அதையும் சேர்க்கணும். கிளமிடியா, கொனோரியா மாதிரி பால்வினை நோய்னா என்34 பக்கமே வராதே, 'ஏ'ல ஆரம்பிக்கற கோடுகளுக்குப் போ.

ஒசூர் பஸ்: கிளமிடியா உறுதியாகி ஏ56.01 போட்டாச்சு. கசிவுக்கு ஆர்36-ம் சேர்க்கணுமா?

வேண்டாம். கசிவு அந்த நோயோட கூடவே வர்றது.

சில்க் போர்டு: விந்துல ரத்தம்?

ஆர்36.1.

எச்எஸ்ஆர் லேஅவுட்: "வெள்ளையா டிஸ்சார்ஜ்"னு இருக்கு. ஆர்36.0-வா, 36.9-ஆ?

36.9. 36.0-ன்னா "ரத்தம் இல்லாத"ன்னு அர்த்தம். ரத்தம் இல்லைன்னு டாக்டர் எழுதலையே.

மாரத்தஹள்ளி ஆடிட்டர்: மன்னிக்கணும், இதை ஒத்துக்க மாட்டேன். வெள்ளைன்னு எழுதின பிறகு ரத்தம் எங்கே இருந்து வரும்? பால் வெள்ளைன்னா அதுல மிளகாய்த்தூள் இல்லைன்னு தனியா எழுதணுமா?

மிளகாய்த்தூள் நல்லா இருக்கு சார். ஆனா காலையில வெள்ளையா வந்து சாயங்காலம் சிவப்பா வந்திருக்கலாம். டாக்டர் எழுதினது நிறம். ரத்தம் இல்லைங்கறது நீங்களா எடுத்த முடிவு.

மாரத்தஹள்ளி ஆடிட்டர்: எங்க டீம்ல 36.0-தான் பாஸ் பண்றோம். டினையல் (பில் நிராகரிப்பு) வந்ததே இல்லை.

டினையல் வரலைங்கறதால கோட் சரின்னு ஆயிடாது சார். ரெண்டுக்கும் ஒரே பணம், இன்ஷூரன்ஸ்காரன் ஏன் திருப்பி அனுப்பப் போறான்?

ஒயிட்ஃபீல்டு: அப்போ டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்டு மெசேஜ்) அனுப்பலாமா அக்கா?

இதுக்குப் போயா? ராத்திரி எட்டு மணிக்கு "சார், ரத்தம் இருந்ததா"ன்னு கேட்டா அவர் நம்ம மேனேஜருக்கு மெயில் போடுவார். 36.9 போட்டுட்டு நகருங்க. மாசாந்திர ஃபீட்பேக்ல "ரத்தம் இல்லை"ன்னு ரெண்டு வார்த்தை சேர்க்கச் சொல்லுங்க, போதும்.

மாரத்தஹள்ளி ஆடிட்டர்: சரி, நியூட்டனுக்கு ஆப்பிள் விழுந்ததுக்கும் டாக்குமென்டேஷன் கேப்பீங்க போல.

தலையில விழுந்ததா, பக்கத்துல விழுந்ததான்னு கேப்பேன். கோட் மாறும். 36.9 என் நிலைப்பாடு. உங்க கிளையண்ட் எழுத்துப்பூர்வமா 36.0 கேட்டா போடுங்க, அந்த மெயிலைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

எலெக்ட்ரானிக் சிட்டி: கசிவோட வந்தவருக்கு எஸ்டிடி (பால்வினை நோய்) டெஸ்ட் எடுத்தாங்க. இஸட்11.3 ஸ்கிரீனிங் முதல்ல போடலாமா?

அறிகுறியோட வந்தவருக்கு எடுக்கறது ஸ்கிரீனிங் இல்லை. கசிவுக் கோடுதான் முதல்ல.

பெயர் வேண்டாம்: கோடிங் இல்லை அக்கா. எனக்கே ரெண்டு நாளா இப்படி இருக்கு. மெடிக்கல்ல என்ன மாத்திரை கேக்கலாம்?

மெடிக்கல்ல எதுவும் கேக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல சுரக்ஷா கிளினிக்னு இதுக்கே இருக்கு, இலவசம். நாளைக்குக் காலையிலேயே போங்க. துணை இருந்தா அவங்களுக்கும் சிகிச்சை வேணும், இல்லேன்னா திரும்ப வரும். வெட்கப்பட ஒண்ணுமில்லை.

கோரமங்களா: "கொனோரியா சந்தேகம்"னு இருந்தா ஏ54 போடலாமா?

முதல் பதிலைப் படிங்க.

பிடிஎம்: கோடர் சர்டிஃபிகேட்டுக்கான சிபிசி பரீட்சை எப்படி அக்கா, கஷ்டமா?

நாலு மணி நேரம், நூறு கேள்வி, 70% எடுக்கணும். புத்தகம் கையில இருக்கும். மீதியை அடுத்த வாரம் வேற தலைப்புல கேளுங்க.

ஜெயநகர்: ஸ்வாப் பாசிட்டிவ்னா அப்போ ஏ54 போடலாம்தானே?

யார் எழுதின பாசிட்டிவ்? இதுதான் இன்னிக்குக் கடைசி. லேப் மெஷின் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நாமளா நோய்க்கு கோட் போட முடியாது. டாக்டர் அதைப் பார்த்து, சார்ட்ல அடெண்டமா (பின்சேர்க்கையா) "கொனோரியா உறுதி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மாத்தலாம். சார்ட் இன்னும் உங்க க்யூவுலேயே இருந்தா ஹோல்டு போட்டு வைங்க. ஏற்கெனவே பில் போயிருந்தா ஆர்36 அப்படியே நிக்கட்டும். அடுத்த விசிட்ல டாக்டர் எழுதினா அன்னிக்கு ஏ54 வரும்.