இன்டர்ன்ஷிப்புக்கு பிளாங்க் செக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஜர்னலிசம் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. வாரம் மூன்று நாள் வேலை, மாதம் 8,000 ரூபாய். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பாதியில் நின்றால் 50,000 ரூபாய் கட்ட வேண்டுமாம்; அதற்காக அப்பா கையெழுத்துப் போட்ட, தொகை எழுதாத செக் ஒன்றும் தர வேண்டும். முடித்த பிறகு ஓராண்டுக்கு வேறு பி.ஆர். நிறுவனத்தில் சேரக் கூடாது. பயிற்சிக் காலத்தில் நான் உருவாக்கும் எல்லாமே அவர்களுக்குச் சொந்தம். நவம்பரில் செமஸ்டர் தேர்வு இருக்கிறது என்றால், ‘லீவெல்லாம் கிடையாது’ என்கிறார் ஹெச்.ஆர். அந்த 50,000 ரூபாயும் ஓராண்டுத் தடையும்தான் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடலாமா மேடம்?
- வாசகி, சென்னை

பதில்: இப்போது இருக்கிற வடிவத்தில் போடாதீர்கள். ஆனால் நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அது பெரிய ஆபத்து இல்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன செக்கும் ஒரிஜினல்களும்தான் உங்களையும் அப்பாவையும் அலைய வைக்கும்.

முதலில் செக். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்தால் அதில் தொகையை நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் சட்டம் பார்க்கும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. நாளைக்கு அவர்கள் அதை வங்கியில் போட்டுப் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கு அப்பாவுடையது என்பதால் கூண்டில் நிற்பதும் அவர்தான். ‘கடன் எதுவும் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான் முதலில் விழும். கடைசியில் அவர் ஜெயிக்கலாம். அதற்குள் எத்தனை வாய்தா! எட்டாயிரம் ரூபாய் இன்டர்ன்ஷிப்புக்கு அப்பாவை இதில் இழுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரிஜினல்கள். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் அறிவித்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? சரிபார்க்க நேரில் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டெஸ்ட் செய்த நகல் கொடுத்தால் போதும். ஏற்கெனவே கொடுத்தவர்கள் இதைப் படித்தால், ஈமெயிலில் திருப்பிக் கேளுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் சிவில் வழக்குப் போட்டுப் பொருளை மீட்க வழி இருக்கிறது. ஆனால் முதுகலை அட்மிஷன் நேரத்தில் அதற்கெல்லாம் அவகாசம் இருக்காது.

50,000 ரூபாய்க்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். அதற்காக ‘பாதியில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் எல்லாமே செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகிய அதிகாரியிடம் இரண்டு லட்சம் ரூபாய் வாங்கியது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அந்தப் பதவிக்கு மறுபடி ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று வங்கிக்கு உண்மையான செலவு இருந்தது. உங்களுக்குத் தனிப் பயிற்சிக்கென்று எதுவும் செலவழிக்காத நிறுவனம் 50,000 இழப்பைக் காட்டுவது கடினம். 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்று மாற்றித்தரக் கேளுங்கள்.

ஓராண்டுத் தடையை நினைத்து ஒரு நாள் தூக்கத்தைக்கூட இழக்க வேண்டாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, விலகிய பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. பயிற்சி நடக்கும்போதே போட்டி நிறுவனத்தில் வேலை பார்க்காதே என்று சொல்லலாம், அது வேறு. கிளையன்ட் ரகசியங்களைப் பின்னாளிலும் வெளியே விடாமல் காக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

‘உருவாக்கும் எல்லாமே’ என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. பணி ஒப்பந்தத்திலோ தொழிற்பயிற்சியிலோ வேலையின் பகுதியாக எழுதியது, எடுத்தது எல்லாம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்று 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் பிரஸ் ரிலீஸ் அவர்களுடையது என்பதில் சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வாசகப்படி, அந்த ஆறு மாதத்தில் நீங்கள் கல்லூரிக்காக எடுக்கும் குறும்படம், உங்கள் யூடியூப் சேனல் வீடியோ, ஞாயிற்றுக்கிழமை எழுதும் கவிதைகூட அவர்களுடையது ஆகிவிடும்! ‘நிறுவனம் ஒப்படைத்த பணிக்காக உருவாக்குபவை மட்டும்’ என்று திருத்தச் சொல்லுங்கள். வெளியான வேலைகளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். உரிமை கைமாறினாலும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவில் உங்களிடமே இருக்கும். ஆனால் வேலை தேடும்போது சட்டப் பிரிவை விட ஒரு அனுமதி மெயில்தான் சுலபமாக உதவும்.

அட்டெண்டன்ஸில்தான் சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கண்டோனேஷன் கட்டணம் கட்டலாம், ரொம்பக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரை நீட்டினால் ஓ.டி. (‘ஆன் டியூட்டி’, வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுப்பது) தானாக வந்துவிடாது. சேரும் முன்பே துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்து, இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் (படிப்பில் சேரும் மதிப்பு) உண்டா, எத்தனை நாள் ஓ.டி. கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், துறைத் தலைவர் மாறினால் அதுவும் போய்விடும்.

நிறுவனத்துக்கு இன்றே இப்படி ஒரு மெயில் போடலாம்: ‘இன்டர்ன்ஷிப்பில் சேர ஆர்வமாக இருக்கிறேன். செமஸ்டர் தேர்வு நாட்களிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் எனக்கு விடுப்பு உண்டு என்பதையும், மாத உதவித்தொகை தரும் தேதியையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுகிறேன். சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்கு நேரில் கொண்டுவருகிறேன். காசோலை தர இயலாது.’ தேதி சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இன்டர்னுக்குத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கும் என்று உறுதியில்லை, பணம் நின்றால் இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் மட்டும் இதில் தெளிவாக இருக்கிறது. 2013-இல் வந்த அந்தச் சட்டம் சம்பளமில்லாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால், இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். உறுப்பினர்கள் யார் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

மற்றதில் பேரம் பேசலாம், விட்டுக்கொடுக்கலாம். செக்கும் ஒரிஜினல்களும் கட்டாயம் என்றால் அந்த நிறுவனம் வேண்டாம். ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டு, ஒப்பந்த நகலோடு நேரில் போங்கள்.