பீடி, சிகரெட் தொடாத அம்மாவுக்கு ஏன் இந்த இளைப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பரமக்குடி அருகே 30 ஆண்டுகள் விறகடுப்பில் இட்லிக்கடை நடத்தியவர். எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் கிடையாது. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இருமலும் சளியும் இருக்கின்றன; படியேறினால் மேல்மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் காசநோய் இல்லை என்று வந்தது. மதுரையில் ஒரு மருத்துவர் குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்துவிட்டு ‘சிஓபிடி’ என்றார். கேப்சூல் போட்டு உறிஞ்சும் இன்ஹேலர் கொடுத்தார். கொஞ்சம் தேறியதும், ‘பழகிவிட்டால் விட முடியாது’ என்று உறவினர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டோம். மார்கழிப் பனியில் மறுபடியும் இளைப்பு. உள்ளூரில் ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறார். இன்ஹேலர் அவசியம்தானா? ஆவி பிடித்தால் போதாதா?

பதில்: இன்ஹேலர் அவசியம். அதை நிறுத்தியதுதான் இப்போதைய தொல்லைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதே மருத்துவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். அதுவரை அவர் எழுதிக்கொடுத்த அளவில் மருந்தைத் தொடரட்டும்.

சிஓபிடி என்பது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி, காற்றை முழுவதும் வெளியேற்ற முடியாமல் போகும் நோய். புகைபிடிப்பவர்களுக்குத்தான் வரும் என்று பலரும் நினைப்பதால், பெண்களுக்கு வந்தால் ‘ஆஸ்துமா’, ‘சளி’, ‘வயசாகிவிட்டது’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. விடியற்காலையில் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சீமைக்கருவேல விறகை ஊதி ஊதி எரித்த உங்கள் அம்மாவின் நுரையீரல், புகைபிடிப்பவருக்குச் சற்றும் குறையாத புகையைப் பார்த்திருக்கிறது. இதை எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மதுரையில் செய்தது ஸ்பைரோமெட்ரி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், இழுத்த காற்றில் 70 சதவீதத்தைக்கூட முதல் நொடியில் வெளியே ஊத முடியாவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். உங்கள் மருத்துவர் சரியான சோதனையைத்தான் செய்திருக்கிறார்.

இனி அந்த ‘பழகிவிடும்’ என்ற பேச்சு. என்னிடம் வரும் குடும்பங்களில் இதைக் கேட்காத குடும்பம் அரிது. இதனால் நோயாளிகள் படும் பாட்டைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. நோய் நாள்பட்டது, அதனால் மருந்தும் தினமும் தேவைப்படுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை யாரும் ‘பழக்கம்’ என்று சொல்வதில்லையே! கண் வலிக்குக் கண்ணிலேயே சொட்டு மருந்து விடுகிறோம் அல்லவா? மூச்சுக்குழாய்க்கு அதே நியாயம்தான். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்றால், அதே மருந்தை ஸ்ப்ரே வகை இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தும்போது வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பு முழுவதும் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது.

உண்மையில் நான் பயப்படுவது அந்த ஊசிக்குத்தான். என்ன ஊசி என்று சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். இளைப்பு முற்றும்போது சில நாட்களுக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம். ஆனால் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும்.

இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சுகிறாரா என்றும் பாருங்கள். கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுபவர்கள்கூட உண்டு. கருவியில் கேப்சூலைப் போட்டுத் திறந்ததும், முதலில் முகத்தைத் திருப்பி மூச்சை நன்றாக வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதினால் பவுடர் ஈரமாகிவிடும். பிறகு உதடுகளால் இறுகக் கவ்வி, வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். மனதிற்குள் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கிவிட்டு, கேப்சூலைப் பாருங்கள். பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு முறை உறிஞ்சட்டும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இதைத் தவறவே விடக்கூடாது, வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும். வேகமாக இழுக்கத் தெம்பில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்ப்ரே வகைக்கு மாறி, ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொண்டால் மெதுவாக இழுத்தாலே போதும்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தை அது விரிக்காது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற ஆபத்தும் உண்டு.

கடையை இப்போது நடத்துகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நடத்தினால், விறகை விட்டுக் கேஸுக்கு மாறுவதைவிட அவருக்குப் பெரிய மருந்து இல்லை. கடையை விட்டிருந்தாலும், குளிக்க வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகடுப்பு எரிகிறதா? அந்த வேலையை அவர் செய்ய வேண்டாம். வேறு யார் செய்தாலும் திறந்த வெளியில் செய்யட்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொசுவர்த்தியையும் நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை போதும். போகி அன்று காலையில் கதவு ஜன்னலைச் சாத்திவைத்து அவரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள்.

மூச்சு வாங்குகிறதே என்று படுக்கவைத்துவிடாதீர்கள். நடக்காவிட்டால் கால் தசைகள் தளர்ந்து, அடுத்த மாதம் இன்னும் குறைந்த தூரத்திலேயே மூச்சு வாங்கும். வெயில் வந்த பிறகு தினமும் நடக்கட்டும். மூச்சு முட்டினால் நின்று, மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைவிட இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவரைக் கேட்டு நிமோனியா தடுப்பூசியும் போடுங்கள்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவும் கூடினால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்காமல் மருத்துவரிடம் போங்கள். எடை குறைந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ, முன்பு காசநோய் இல்லை என்று வந்திருந்தாலும் அரசு மருத்துவமனையில் மறுபடி சளிப் பரிசோதனை செய்யுங்கள்; கட்டணம் இல்லை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அரைத்தூக்கமாகக் குழம்பிப் பேசினாலோ நேரத்தைக் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

மதுரைக்குப் போகும்போது ஸ்பைரோமெட்ரி அறிக்கை, இன்ஹேலர், உள்ளூரில் போட்ட ஊசியின் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னாலேயே அம்மா ஒருமுறை உறிஞ்சிக் காட்டட்டும்.